பால்வெட்டுக்காரி பேச்சியம்மாளும் புகைக்கூடத்துச் சங்கீதசாலையும்

பேச்சியம்மாள் பிடில் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான். 1918ஆம் வருஷத்தின் கடைசி. விஷக்காய்ச்சல் மலாயாவில் குளுவாங் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போயிருந்தது. காஹாங் போகும் சாலையில் இருந்த ஆற்றுமேட்டுத் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் ஒப்பாரி. பேச்சியம்மாளின் மாமியாரும் கூடப்பிறந்த தங்கையும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவள் பிழைத்துக் கிடந்தாள். பிழைத்தாளே தவிர எழுந்து உட்காரச் சீவன் இல்லை. அழவும் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரி என்பது நீளமான ஒரு தகரக் கொட்டகை. அதை ஒட்டினாற்போல் டிரஸர் தியாகராஜாவின் வீடு. மருந்து கலக்குவது, ஊசி போடுவது, புண் கட்டுவது எல்லாம் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி செல்லப்பாக்கியம் ஊரில் மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர். அங்கேயே பிடிலும் கற்றவர். மலாயாவுக்கு வந்த பிறகு அந்தப் பிடில் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. காய்ச்சல் காலத்தில் இரவு பகல் பார்க்காமல் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாள், ஒரு நாள் சாயங்காலம், கொட்டகையிலிருந்து வந்த முனகலைத் தாங்க முடியாமல் பெட்டியைத் திறந்தார்.

பேச்சியம்மாளுக்கு அது என்ன சத்தம் என்று புரியவில்லை. மனிதக் குரல் மாதிரி இருந்தது; ஆனால் மூச்சு வாங்கவில்லை. சட்டென்று அது நின்றதும் அவள் கட்டிலை விட்டு இறங்கினாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து டிரஸர் வீட்டுச் சன்னலுக்கு வந்து சேர்ந்தாள்.

"என்ன பிள்ளை, சத்தம் நித்திரையைக் குழப்பிப்போட்டுதோ?" என்று கேட்டார் செல்லப்பாக்கியம்.

"இல்லீங்கம்மா. நிறுத்திட்டீங்களேன்னுதான் எந்திரிச்சு வந்தேன்."

அன்றைக்குச் செல்லப்பாக்கியம் அவளுக்காக மறுபடியும் வாசித்தார். மறுநாளும் வாசித்தார். உடம்பு தேறி லயத்துக்குப் போன பிறகும் பேச்சியம்மாள் வேலை முடிந்து சாயங்காலமானால் அந்தச் சன்னலடியில் வந்து நிற்பாள். ஒரு நாள், தான் அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேவிட்டாள். செல்லப்பாக்கியம் தயங்கினார். பால்வெட்டுக்காரிகள் யாரும் அந்த வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை. பிறகு கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, அவள் தோளில் பிடிலை வைத்து, கையில் வில்லைக் கொடுத்தார்.

விடிவதற்குள் தோட்டத்துக்குப் போய் மரத்துக்கு மரம் பட்டையைச் சீவுகிறவள் பேச்சியம்மாள். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் வராது. வெற்றிலைத் தடிமனுக்குச் சீவி எடுக்க வேண்டும். அப்படிப் பழகிய மணிக்கட்டு வில்லைக் கம்பியின் மேல் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போனது. கிறீச் என்ற சத்தமே இல்லை. செல்லப்பாக்கியம் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர மணிக்கட்டுக்கு நான் ஒண்டும் சொல்லித் தரத் தேவையில்லை. விரலுக்குத்தான் சொல்லித் தரவேணும். நாளைக்கு வா" என்றார்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, இருபத்தேழோ இருபத்தெட்டோ. தான் பள்ளியில் கற்றபடி, ஐந்து கோடு போட்டு அதன் மேல் புள்ளி வைத்து எழுதும் சுரக்குறிப்பைத்தான் செல்லப்பாக்கியம் சொல்லிக்கொடுத்தார். பேச்சியம்மாளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகையால் அவள் அ, ஆ படிப்பதற்கு முன்பே கோட்டுச் சுரம் படித்தாள். வீட்டுக்காரன் வீரமுத்து அடுப்படி மண் தரையில் அவள் விரலால் கோடு போடுவதைப் பார்த்து, பேய் கீய் பிடித்துவிட்டதோ என்று முதலில் பயந்தான். என்னவென்று தெரிந்ததும் சிரித்தான். அப்புறம் அவனே மறுநாள் அந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகி வைத்தான்.

வீரமுத்துவுக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகக் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகு போட்டுப் புகையில் காயவைக்கிற கட்டடம் அது. ஆற்றோரம் புதுப் புகைக்கூடம் கட்டியதால் பழையது சும்மா கிடந்தது. பேச்சியம்மாளைப் பார்த்து இன்னும் நாலைந்து பெண்கள் பாட்டுக் கற்க ஆசைப்பட, டிரஸர் வீட்டு முன்னறையில் இடம் போதாமல் போனபோது, வீரமுத்துதான் அந்தப் பழைய புகைக்கூடத்தைப் பற்றிச் சொன்னான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் பேசி டிரஸர் அனுமதி வாங்கிவிட்டார்.

உள்ளே சுவரெல்லாம் கரி. ஆனால் அந்த இடத்துக்கு இருந்த குணம் போகப் போகத்தான் தெரிந்தது. குளுவாங்கில் மழை இல்லாத வாரம் உண்டா? எந்த வீட்டிலும் தோல் வாத்தியம் ஈரம் கோத்து 'பொத்'தென்று கிடக்கும். வருஷக்கணக்காகப் புகை குடித்துக் காய்ந்த அந்தப் பலகைகளுக்குள் ஈரம் எட்டிப் பார்க்கவில்லை. தப்பும் மிருதங்கமும் வாசிக்கிற சின்னத்தம்பி தன் மிருதங்கத்தை அங்கே கொண்டுவந்து வைத்து, தட்டிப் பார்த்து, இனிமேல் இது இங்கேயேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டான். அவனும் மாணவனாகச் சேர்ந்துகொண்டான். ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடுக்குகிற கனகராஜ், சிங்கப்பூர் அடகுக்கடையில் ஒரு பழைய கிளாரினெட்டை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். பால் டப்பாக்கள் வந்த பெட்டிகளை உடைத்து, குறிப்பு வைத்துப் படிக்கும் தாங்கிகளை வீரமுத்து செய்தான். 1920 பிறந்தபோது புகைக்கூடம் ஒரு சங்கீதசாலையாகிவிட்டது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பெண் புஷ்பவள்ளிக்கு நல்ல குரல். அவளைச் சேர்க்க வந்த அவள் அம்மா, கூலிக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்துவிட்டு, தன் மகளுக்குத் தனியாக ஒரு நாற்காலி போட வேண்டும் என்றாள். செல்லப்பாக்கியம் கோபப்படவில்லை. இங்கே இருப்பது ஒரே பாய்தான், நானும் அதில்தான் உட்காருகிறேன் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரே வாரத்தில் மகளோடு திரும்பி வந்தாள். வீட்டில் புஷ்பவள்ளி சாப்பிடாமல் அடம்பிடித்தாளாம். வந்ததும் புஷ்பவள்ளி பேச்சியம்மாள் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

உண்மையான தொல்லை பெரிய கங்காணி ஐயாசாமியிடமிருந்துதான் வந்தது. ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக்கொண்டு வந்தவர். அவர் வைத்ததுதான் லயத்தில் சட்டம். பொம்பளைகள் பிடில் வாசிக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கேலி பேசுவது அவர் காதுக்கு எட்டியது. ஒரு நாள் விடிகாலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, பாட்டும் கூத்தும் குடும்பப் பொம்பளைக்கு ஆகாது, இனி புகைக்கூடத்துப் படி ஏறுகிறவள் பெயர் மறுநாள் பெரட்டில் இருக்காது என்று சொல்லிவிட்டார். பெயர் இல்லையென்றால் வேலை இல்லை. மறுநாள் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. புகைக்கூடம் பூட்டிக் கிடந்தது.

டிரஸரை விட்டுத் துரையிடம் பேசச் சொல்லலாம் என்றார் செல்லப்பாக்கியம். பேச்சியம்மாள் வேண்டாம் என்றாள். துரை இன்றைக்குச் சொல்வார், நாளைக்குக் கங்காணி வேறு சாக்கு வைத்து ஆளை விரட்டுவார்; அவர் வாயாலேயே போங்கள் என்று வர வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அடுத்த மாதம் கங்காணி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊரான ரெங்கத்திலிருந்து வந்திருந்தார்கள். தோட்டமே பந்தலில் இருந்தது. மத்தியானம் நலங்கு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்காரவைத்து, பெண்டுகள் சுற்றி நின்று கேலியும் கிண்டலுமாகப் பாட வேண்டிய நேரம். பெண்டுகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார்கள். கொடுத்த வெற்றிலையைப் போட்டார்கள். பாடத்தான் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ஆற்றுமேட்டுத் தோட்டத்தில் எந்த நலங்கானாலும் முதல் அடி எடுப்பவள் பேச்சியம்மாள். அவள் வெற்றிலையை மென்றுகொண்டு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கங்காணி மனைவி காளியம்மா ஒவ்வொருத்தியிடமும் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். பெண் வீட்டில் பாட்டுக்குக்கூட ஆளில்லையா என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி உரக்கவே கேட்டாள். பாட்டில்லாத நலங்கு மொட்டை நலங்கு. அந்தப் பேச்சு ரெங்கம் வரை போனால் கங்காணி தலை நிமிர முடியாது.

விஷயம் தெரிந்து ஐயாசாமி பந்தலுக்குள் வந்தார்.

"என்ன பேச்சி, வாயில என்ன வச்சிருக்க?"

"வெத்தலதான் மாமா."

"துப்பிட்டுப் பாடு புள்ள. சபையில மானத்த வாங்காத."

"நீங்கதான பெரட்டுல சொன்னீங்க, பாட்டு குடும்பப் பொம்பளைக்கு ஆகாதுன்னு. நாங்க எல்லாம் குடும்பப் பொம்பளைங்க மாமா."

மணவறையில் இருந்த கல்யாணப் பெண்ணுக்கே சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயாசாமி சுற்றிலும் பார்த்தார். ஒருத்தியும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சரி. நாளையிலேர்ந்து போங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இப்பப் பாடுங்க தாயி."

பேச்சியம்மாள் வெளியே எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். பந்தல் கால் மறைவில் பிடில் பெட்டியோடு தயாராக நின்றிருந்த வீரமுத்து உள்ளே வந்தான். அன்று முதன்முறையாக அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நலங்குப் பாட்டுக்குப் பிடில் சேர்ந்தது. அவள் ஓர் அடி வாசிக்க, பெண்டுகள் ஓர் அடி பாட, மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பாட்டு எடுக்க, நலங்கு முடிய விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. பந்திக்குக்கூட யாரும் அசையவில்லை. அடுத்த வாரம் ரெங்கத்திலிருந்தே இரண்டு பெண்கள் சங்கீதசாலையில் சேர வந்தார்கள்.

அதற்குப் பிறகு சங்கீதசாலைக்கு ஏறுமுகம்தான். செல்லப்பாக்கியம் தனக்குத் தெரிந்த கீர்த்தனைகளையும் தேவாலயப் பாட்டுகளையும் சொல்லிக்கொடுத்தார். பேச்சியம்மாள் நலங்கும் தெம்மாங்கும் பாட, அவற்றையெல்லாம் அவர் ஐந்து கோட்டில் எழுதிவைத்தார். ஒரே பாட்டைப் பிடில், கிளாரினெட், மிருதங்கம் மூன்றும் தனித்தனி வழியில் போய் ஒரே இடத்தில் சேரும்படி எழுதுவார். முதல் தடவை எல்லாரும் பிசகாமல் ஒன்றாக வந்து நின்றபோது, அந்தச் சந்தோஷத்தில் சின்னத்தம்பி மிருதங்கத்தைத் தூக்கி முத்தம் கொடுத்தான்.

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் திறந்த சமயத்தில், ஜொகூர் பாருவில் தௌக்கே என்று எல்லாரும் அழைத்த ஒரு சீன முதலாளி பெரிய படக்கொட்டகை கட்டினார். படங்கள் பேசாத காலம். திரைக்குக் கீழே உட்கார்ந்து படம் ஓடுகிற நேரமெல்லாம் வாசிக்க ஆட்கள் வேண்டும். வாத்தியக் குழுவுக்குத் தலைவர் மணிலாவிலிருந்து வந்தவர். குறிப்பு பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். வேலை தேடிப் போன கனகராஜ் இதைக் கேள்விப்பட்டு ஓடி வந்து சொன்னான். செல்லப்பாக்கியம் பேச்சியம்மாளைப் போகச் சொன்னார். எப்போதாவது ஒருத்தர் இந்தப் புகைக்கூடத்துக்கு வெளியே போய் வாசித்தால்தானே இது பள்ளிக்கூடம் என்று அவர் கேட்டதும் பேச்சியம்மாள் பிடிலை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினாள்.

கண்டாங்கிச் சேலையும் கையில் பிடிலுமாக வந்து நின்ற பெண்ணைப் பார்த்து மணிலாக்காரர் தவறாக வந்துவிட்டாள் என்றே நினைத்தார். ஒரு தாளை நீட்டி, மலாயில், "போலே பாச்சா?" என்று கேட்டார். படிக்கத் தெரியுமா என்று அர்த்தம்.

"போலே" என்றாள் பேச்சியம்மாள். தாளைத் தாங்கியில் வைத்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டினாள். வாசித்தாள். மணிலாக்காரர் பியானோவுக்கு நகர்ந்து உட்கார்ந்து, இரண்டாவது பக்கத்திலிருந்து தானும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். முடிந்ததும் தௌக்கேயைப் பார்த்து, நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்றார். கனகராஜையும் சின்னத்தம்பியையும்கூட எடுத்துக்கொண்டார். வீரமுத்துவுக்குக் கொட்டகையின் மின்சார எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

ஏழு வருஷம் அவள் அந்தத் திரைக்குக் கீழே உட்கார்ந்தாள். குதிரை ஓடினால் ஒரு வாசிப்பு, கப்பல் மூழ்கினால் ஒரு வாசிப்பு. சண்டை, காதல், மழை எல்லாவற்றுக்கும் அவள் வில்லில் சத்தம் இருந்தது. ஒருமுறை இந்தியாவிலிருந்து ஒரு புராணப் படம் வந்தது. திரையில் கல்யாணக் காட்சி. மணிலாக்காரரிடம் அதற்கேற்ற குறிப்பு இல்லை; அவர் அவளைப் பார்த்துக் கையை விரித்தார். பேச்சியம்மாள் ஆற்றுமேட்டு நலங்குப் பாட்டை எடுத்தாள். சின்னத்தம்பி உடனே பிடித்துக்கொண்டான். ஸ்கூடாய், செனாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த பெண்டுகள் கொட்டகை முழுக்க இருந்தார்கள். ஒரு மூலையில் யாரோ பாட ஆரம்பிக்க, அடுத்த அடிக்குள் கொட்டகையே பாடியது. காட்சி முடிந்து திரையில் வேறு என்னவோ ஓடியது. பாட்டு நிற்கவில்லை. படம் போடுகிறவர் ரீலை நிறுத்திவிட்டு, பாட்டு முடிந்த பிறகுதான் மறுபடி ஓட்டினார். அந்தப் படம் இருந்த வரை தினமும் அப்படியே நடந்தது. மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட அந்த இடம் வந்தால் கை தட்டித் தாளம் போட்டார்கள்.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. திரைக்குப் பின்னால் பெரிய பெரிய ஒலிப்பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் பேசும் படத்தன்று வாத்தியக் குழுவையும் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார் தௌக்கே. மடியில் பிடிலை வைத்துக்கொண்டு, தன் கைக்கு வேலையில்லாமல் ஒரு படம் முழுக்க ஓடுவதைப் பேச்சியம்மாள் முதல் தடவையாகப் பார்த்தாள். மாதக் கடைசியில் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். மணிலாக்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கப்பலேறினார்.

அந்தச் சமயம் பார்த்து ரப்பர் விலையும் விழுந்துவிட்டது. தோட்டங்களில் ஆட்குறைப்பு. ஆயிரக்கணக்கானவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுமேட்டுத் தோட்டம் கைமாறியது, ஆஸ்பத்திரியை மூடினார்கள், பழைய புகைக்கூடத்தை இடித்து விறகாக்கப் போவதாகச் செய்தி வந்தது. டிரஸர் தியாகராஜா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தான் முன்பே வாங்கிப்போட்டிருந்த நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிவந்திருந்தார்.

பேச்சியம்மாள் நேரே அந்த வீட்டுக்குத்தான் போனாள். கனகராஜும் சின்னத்தம்பியும் வீரமுத்துவும் கூட வந்தார்கள். சிங்கப்பூர்க் கொட்டகைகளில் வாசித்துக்கொண்டிருந்த சங்கீதசாலைப் பழைய மாணவர்கள் சிலரும், அவர்களும் வேலை போய், அதே ரயிலில் வந்து இறங்கினார்கள்.

செல்லப்பாக்கியம் மெலிந்திருந்தார். தலையில் நரை. பேச்சியம்மாளைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் முடிஞ்சுது பேச்சி. நாளைக்கோ நாளையிண்டைக்கோ இடிக்கப் போகினமாம். பன்னிரண்டு வருசம் நடத்தினம், காணும்" என்றார்.

"இடிக்கப் போறது பலகையத்தானம்மா. பள்ளிக்கூடம் அங்க இல்ல. இந்தா, பெட்டியத் தூக்கிக்கிட்டு உங்க வாசல்ல வந்து நிக்குது பாருங்க."

செல்லப்பாக்கியம் வாசலைப் பார்த்தார். பிடில் பெட்டி, கிளாரினெட், மிருதங்கம், புல்லாங்குழல் என்று ஆளுக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். கொட்டகை கொட்டகையாக வாசித்துத் தேறியவர்கள். ஊரில் இத்தனை வாத்தியக்காரர்கள் ஒரே நேரத்தில் வேலையில்லாமல் நின்றது அதற்கு முன் நடந்ததில்லை. இவர்களை வைத்துப் பள்ளிக்கூடத்தை இங்கேயே நடத்தலாம் என்பது அவருக்குப் பிடிபட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி, "இஞ்சாருங்கோ, எங்கட காணியில பாதி எனக்கு வேணும்" என்று கணவரிடம் சொன்னார்.

இடிக்கிற வேலையைத் தாங்களே செய்துகொள்கிறோம், விறகுக்குப் பதில் வேறு மரம் வெட்டிப் போட்டுவிடுகிறோம் என்று புதுத் துரையிடம் வீரமுத்து பேசி முடித்தான். கப்பலுக்குக் காத்துக்கொண்டு லயங்களில் சும்மா இருந்த ஆட்கள் கூப்பிடாமலேயே வந்தார்கள். பலகை பலகையாகக் கழற்றினார்கள். எந்தப் பலகை எங்கே என்று குழம்பாமல் இருக்க, கனகராஜ் சுண்ணாம்பால் ஒவ்வொன்றிலும் ச, ரி, க, ம என்று எழுதினான். மாட்டு வண்டிகளில் ஏற்றிக் குளுவாங்குக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டும்போது, கூரை மேலிருந்தவன் "ரி வந்துருச்சு, க எங்க?" என்று கத்த, கீழே இருந்தவன் "வண்டியில இருக்கு, ம-வ மொதல்ல புடி" என்று பதில் கத்த, ரயில் நிலையத்துக்கு வந்தவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாப்பாட்டுக்குச் செல்லப்பாக்கியமே பெரிய பானையில் சோறு வடித்தார்.

1932ஆம் வருஷம் பொங்கலுக்கு மறுநாள் திறப்பு விழா. குளுவாங் பிரமுகர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். டவுனில் நடக்கிற பள்ளிக்கூடம் என்றால் அந்தஸ்தாக இருக்க வேண்டும், சிங்கப்பூரிலிருந்து ஒரு பாகவதரைத் தலைவராக வரவழைக்கலாம் என்று அவர்களில் இரண்டு பேர் முன்பே சொல்லியிருந்தார்கள். செல்லப்பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மேடையில் எழுந்து நின்றார்.

"இந்தச் சங்கீதசாலையின்ர தலைமை ஆசிரியை பேச்சியம்மாள். நான் இனி அவவுக்குக் கீழ வகுப்பெடுக்கிறன்" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பேச்சியம்மாளுக்கு இது தெரியாது. மேடை ஓரத்தில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். முதலில் கை தட்டியது பிரமுகர்கள் அல்ல. வேலிக்கு வெளியே, நாளைக்குக் கப்பலேறப் போகிற கூட்டம். அது தட்டிய தட்டலில் முன்வரிசைக்காரர்களும் தட்ட வேண்டியதாயிற்று. அவள் நடு மேடைக்கு வந்து, பழைய மாணவர்கள் அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்து, வில்லை உயர்த்தினாள். மூன்று வழியாகப் புறப்பட்டு ஒரே இடத்தில் சேருகிற அந்தப் பழைய பாட்டை முப்பது பேர் சேர்ந்து வாசித்தபோது, ஸ்டேஷனில் நின்ற ரயிலின் சன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கார்டு பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

சங்கீதசாலை வளர்ந்த கதையைக் குளுவாங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சின்னத்தம்பியை ஒரு மலாய் பங்சாவான் நாடகக் குழு தூக்கிக்கொண்டு போனது; அவன் ஜாவா வரை போய் வாசித்துவிட்டு வந்தான். கனகராஜ் தன் வகுப்பில் உருவாக்கிய கிளாரினெட் பையன்கள் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு பேண்டும் அமையவில்லை. அம்மா நாற்காலி கேட்ட அந்தக் கிராணி வீட்டுப் புஷ்பவள்ளிக்குச் சிங்கப்பூர் வானொலியில் பாட அழைப்பு வந்தது. வானொலிப் பெட்டி இருந்த ஒரே கடை முன்னால் அன்று சாயங்காலம் தெரு அடைத்துக்கொண்டது. குளுவாங் சங்கீதசாலை மாணவி என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் சொன்னதும், அவள் பாட ஆரம்பிப்பதற்குள் போட்ட கூச்சலில் முதல் அடி யாருக்கும் கேட்கவில்லை. காஹாங்கிலிருந்து பஸ் பிடித்துப் பால்வெட்டுப் பெண்கள் மத்தியான வகுப்புக்கு வந்தார்கள். கையில் ஒட்டுப்பால் வாசனை போகாமலே பிடிலைத் தொடுவார்கள். பேச்சியம்மாள் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டாள்.

1937இல் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய சங்கீத விழா. மாநிலத்தின் வாத்தியக் குழுக்கள் எல்லாம் கலந்துகொண்டன. சங்கீதசாலைக் குழு மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போயிற்று. பேச்சியம்மாள் அவர்களுக்கு முன்னால் நின்று, வில்லாலேயே தாளம் காட்டி நடத்தினாள். தோட்டத்துப் பாட்டுகளைக் கோத்து அவளே எழுதிய நீண்ட வாசிப்பு அது. முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்றது. முதல் பரிசு என்று பெயர் வாசித்தபோது அவளுக்குக் காதில் விழவில்லை. பக்கத்திலிருந்த செல்லப்பாக்கியம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். மேடைக்குப் போனவளிடம், எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று வெள்ளைக்கார நடுவர் கேட்க, மொழிபெயர்த்தவரிடம் அவள், "குளுவாங்குல, எங்க ஸ்கூல்லதான்" என்று சொன்னாள்.

மறுநாள் காலை ரயிலில் திரும்பினார்கள். பெட்டியில் யாருக்கும் சும்மா இருக்க முடியவில்லை. கூலாயில் வண்டி நின்றபோது ஒரு பாட்டு, ரெங்கத்தில் நின்றபோது இன்னொன்று. ஏறியவர்கள் உட்கார இடம் கேட்காமல் பாட்டுக் கேட்டார்கள். வீரமுத்து வெள்ளிக் கோப்பையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவிழ்த்து அவிழ்த்துக் காட்டினான்.

குளுவாங் பிளாட்பாரத்தில் இறங்க இடமில்லை. மாலை, மேளம், வாண வேடிக்கை. செல்லப்பாக்கியத்தையும் பேச்சியம்மாளையும் பூ ஜோடித்த ஒரே வண்டியில் ஏற்றினார்கள். கூட்டம் கொஞ்சம் அடங்கியபோது பேச்சியம்மாள் வண்டியில் எழுந்து நின்று, மத்தியானம் வகுப்பு எப்போதும் போல உண்டு, எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சேருங்கள் என்றாள்.

தலைமை ஆசிரியை சொல்லை மாணவர்கள் தட்டியது அந்த ஒரு நாள்தான். வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட்டு, தாங்களே நுகத்தைப் பிடித்து, ஊரைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனார்கள்.